மவுஸ் ஒயரில் தொங்கும் கம்ப்யூட்டர்

"டேய், மேசை மேல இருக்கிற கம்ப்யூட்டரைவிட மவுஸ் ஒயர்ல தொங்குற கம்ப்யூட்டர் பெரிசா இருக்கேடா!"

பள்ளியில் என்னோடு படித்த நண்பன், வீட்டுக்கு வந்த இடத்தில் காபியை ஆற்றிக்கொண்டே சொன்னது. சொன்னவன் உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டான். எனக்குத்தான் அது மண்டைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தது. மேசையில் இருந்தது பிபிசி மைக்ரோ, மாடல் பி. 1980-களின் இங்கிலாந்துக் கம்ப்யூட்டர். 2 மெகாஹெர்ட்ஸில் ஓடும் 6502 பிராசசர், 32 கேபி ரேம். வெளிச் சாதனங்களை மாட்ட அதன் அடிப்பக்கம் இருக்கும் யூசர் போர்ட்டிலிருந்து ஒரு ரிப்பன் கேபிள் கிளம்பி, ராஸ்பெரி பை பீக்கோ என்னும் விரல் நீளப் பலகைக்கு வருகிறது. அங்கிருந்து எந்தக் கடையிலும் கிடைக்கும் ஒரு யுஎஸ்பி மவுஸுக்குப் போகிறது. அந்த விரல் நீளப் பலகையில் இரண்டு கோர்கள், 125 மெகாஹெர்ட்ஸ், 264 கேபி ரேம். மேசையில் இருப்பதைப்போல எட்டு மடங்கு நினைவகம், அறுபது மடங்குக்கு மேல் வேகம். மவுஸ் அசைந்தது என்று சொல்வதற்கு மட்டும் இவ்வளவும். அவன் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எரிச்சல்.

எங்கள் தலைமுறையில் சிலருக்கு இந்தக் கம்ப்யூட்டரை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. பள்ளிப் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் கற்றுக்கொடுக்க 1984-இல் மத்திய அரசு ஆரம்பித்த கிளாஸ் திட்டத்தில் நாடெங்கும் சுமார் 250 பள்ளிகளுக்கு முதலில் வந்து இறங்கியவை இவைதான். இதையே மொகாலியில் இருந்த செமிகண்டக்டர் காம்ப்ளக்ஸ் நிறுவனம் யூனிகார்ன் என்ற பெயரில் தயாரித்தது. செருப்பைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, பள்ளியிலேயே ஏசி இருந்த ஒரே அறைக்குள் வரிசையாகப் போய், ஒரு கீபோர்டுக்கு மூன்று பேராக உட்கார்ந்து, இரண்டு வரி பேசிக் அடிப்பதற்குள் மணி அடித்துவிடும். அந்த அறையில் மவுஸ் என்று ஒன்று கிடையாது. பிபிசி மைக்ரோவைத் தயாரித்த ஏகார்ன் நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில் மவுஸ் சாதாரணமானது 1987-இல் ஆர்க்கிமிடீஸ் என்ற அடுத்த கம்ப்யூட்டர் வந்த பிறகுதான். அதனால் "இதுக்கு எதுக்குடா மவுஸ்?" என்ற கேள்வி நியாயமானதுதான்.

எனக்கு ஒரு காரணம் இருந்தது, தமிழ் எழுத்து. பிபிசி பேசிக்கில் ஒரு எழுத்தின் உருவத்தை நாமே வரைந்துகொள்ளலாம். எட்டுக்கு எட்டு கட்டம், வரிசைக்கு ஒரு எண் வீதம் எட்டு எண்கள். எதையும் மாற்றாமல் விட்டால் இப்படி வரைந்துகொள்ளக் கிடைப்பவை 32 இடங்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் 1 என்று கூட்டினால் 31 வரும். இந்தக் கணக்கைக் கண்டபோது ஏதோ நமக்காகவே விட்டுவைத்த இடம்போல ஒரு சந்தோஷம். அப்புறம் யோசித்தால் புள்ளி வேண்டும், துணைக்கால் வேண்டும், கொம்பு வேண்டும், கொக்கி வேண்டும். 'ட'வும் 'ப'வும் எட்டுக் கட்டத்தில் சமர்த்தாக உட்காரும். 'ண' உட்காராது. 'ஞ', 'ஐ' பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு கட்டங்களைச் சேர்த்து, ஒவ்வொரு புள்ளியாக அணைத்து ஏற்றிப் பார்த்துத்தான் ஒரு வடிவத்துக்கு வர முடியும். அம்புக்குறி விசைகளால் அதைச் செய்து பார்த்தால், ஒரு 'ண' முடிவதற்குள் வெறுத்துப்போகும். அந்த வேலைக்கு மவுஸ்தான் சரி.

எண்ணுவது யார் வேலை?

பழைய கம்ப்யூட்டருக்கு மவுஸ் தேடும்போது எல்லோரும் முதலில் பிளக்கைத்தான் பார்ப்பார்கள். ஒன்பது முள்ளா, இருபது முள்ளா, எந்த முள்ளில் 5 வோல்ட் என்று. அது முக்கியம்தான், தப்பாக மாட்டினால் புகை வரும். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்களான அமிகாவின் மவுஸுக்கும் அடாரி எஸ்டியின் மவுஸுக்கும் ஒரே ஒன்பது முள் பிளக்தான், ஆனால் உள்ளே இரண்டு மூன்று ஒயர்கள் இடம் மாறியிருக்கும். இதெல்லாம் கத்தரித்து ஒட்டினால் தீரும் சங்கதி. நிஜமான கேள்வி வேறு: மவுஸ் நகர்ந்ததை எண்ணுவது யார்?

பந்து மவுஸைத் திறந்து பார்த்தவர்களுக்கு இது புரியும். உருண்டை, அது உரசிச் சுற்றும் இரண்டு உருளைகள், ஒவ்வொரு உருளையின் முனையிலும் ஓரமெல்லாம் துளையிட்ட சின்னச் சக்கரம். சக்கரத்துக்கு ஒரு பக்கம் அகச்சிவப்பு எல்இடி. மறுபக்கம் இரண்டு ஒளியுணரிகள், ஒரு துளையின் கால் பங்கு தூரம் தள்ளித் தள்ளி. சக்கரம் சுற்றும்போது இரண்டிலும் வெளிச்சம் விழுந்து மறையும், ஆனால் ஒன்றில் கொஞ்சம் முந்தி, இன்னொன்றில் கொஞ்சம் பிந்தி. எது முந்துகிறது என்பதை வைத்துத் திசை தெரிந்துவிடும். மவுஸுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. எத்தனை துளை கடந்தது என்று வேறு யாராவது எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும்.

1980-களின் நடுவில் இங்கிலாந்தின் வாரிங்டனில் இருந்த அட்வான்ஸ்டு மெமரி சிஸ்டம்ஸ் நிறுவனம் பிபிசி மைக்ரோவுக்காக ஏஎம்எக்ஸ் மவுஸை விற்றபோது, இந்த வேலை முழுவதையும் 6502-இன் தலையிலேயே கட்டிவிட்டது. யூசர் போர்ட்டுக்குப் பின்னால் இருக்கும் 6522 சிப்பில் சிபி1, சிபி2 என்று இரண்டு தனி ஒயர்கள் உண்டு. அவற்றில் மின்னழுத்தம் ஏறும்போதோ இறங்கும்போதோ, இரண்டில் நாம் குறித்து வைத்த ஒன்றில், பிராசசருக்கு ஒரு இன்டரப்ட், அதாவது 'இங்கே வந்து பார்' என்ற அழைப்பு, போகும். கிடைத் திசைச் சக்கரத்தின் ஒரு ஒளியுணரி சிபி1-க்கும், செங்குத்துச் சக்கரத்தின் ஒன்று சிபி2-க்கும் போகும். ஜோடி ஒளியுணரிகள் பிபி0, பிபி2 என்ற சாதாரண முனைகளுக்கு. துளை கடக்கும் ஒவ்வொரு முறையும் பிராசசர் கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ஜோடி ஒயரில் மின்னழுத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்த்து, ஒன்றைக் கூட்டும் அல்லது கழிக்கும். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பும். மூன்று பொத்தான்கள் பிபி5, பிபி6, பிபி7. இடையில் வேறு எந்த மின்னணுவியலும் கிடையாது. அம்மணமான ஏற்பாடு.

மற்றவர்கள் வேறு மாதிரி செய்தார்கள். ஸ்பெக்ட்ரம் என்ற இன்னொரு கம்ப்யூட்டருக்கு வந்த கெம்ப்ஸ்டன் மவுஸில் எண்ணும் சுற்று தனிப் பெட்டியில் இருந்தது. பிராசசர் தனக்கு ஒழிந்தபோது எண்ணிக்கையை எட்டிப் பார்த்துக்கொள்ளலாம். கொமடோர் 64 கம்ப்யூட்டருக்கு வந்த 1351 மவுஸில் எண்ணும் சிப் மவுஸுக்குள்ளேயே இருந்தது. அந்த மவுஸ் தன்னை விளையாட்டுக்கான பேடில் மாதிரி காட்டிக்கொண்டு, இருப்பிடத்தைச் சிட் என்ற ஒலி சிப்பின் வழியாகச் சொல்லும். மவுஸ் எங்கே இருக்கிறது என்று பாட்டுப் பாடும் சிப்பிடம் போய்க் கேட்க வேண்டும்! இந்த ஏற்பாட்டை யோசித்தவருக்கு என் வணக்கம். ஆப்பிள் 2-க்கு 1984-இல் வந்த மவுஸ் கார்டில் 6805 என்ற தனிப் பிராசசரே இருந்தது. அதாவது கம்ப்யூட்டருக்குள் மவுஸுக்கென்று இன்னொரு கம்ப்யூட்டர். நண்பனின் கிண்டலுக்கு வயது நாற்பது.

இது தெரிந்ததும் எனக்குக் கொஞ்சம் ஆறுதல். பீக்கோவை வைத்ததில் அப்படியொன்றும் அநியாயம் இல்லை. ஆப்பிள் செய்ததைத்தான் நானும் செய்திருக்கிறேன், அளவுதான் கூடிப்போனது. நண்பனிடம் போனில் இதைச் சொன்னேன். "சரிடா, சரிடா" என்றான். அவனுக்கு இதில் அக்கறையே இல்லை என்பது குரலில் தெரிந்தது.

வலது பக்கம் இழுத்தால் இடது பக்கம்

அந்த ஆறுதல் ரொம்ப நாள் நிலைக்கவில்லை. எழுத்து வரையும் நிரலில் ஒரு நாள் அம்பை வலது ஓரத்துக்குக் கொண்டுபோக மவுஸை வெடுக்கென்று இழுத்தேன். அம்பு பாதி தூரம் வலது பக்கம் போய், சட்டென்று திரும்பி, இடது பக்கம் ஓடியது. மெதுவாக இழுத்தால் ஒழுங்காகப் போகிறது. வேகம் கூடினால், ஒரு எல்லைக்குமேல் திசையே மாறுகிறது. பழுது என்று நினைத்து ஒயரை ஆட்டிப் பார்ப்பதுதான் இயல்பு. ஆனால் இதில் ஒரு ஒழுங்கு இருந்தது. எப்போதும் வேகத்தில்தான், எப்போதும் எதிர்த்திசையில்தான்.

உட்கார்ந்து கணக்குப் போட்டால் விஷயம் பிடிபடுகிறது. யுஎஸ்பி மவுஸ் அங்குலத்துக்கு 1000 படி சொல்லும் ரகம். நொடிக்கு 10 அங்குல வேகத்தில் இழுத்தால் நொடிக்கு 10,000 படி. பீக்கோ ஒவ்வொரு படிக்கும் இரண்டு ஒயர்களில் ஒன்றை மாற்றுகிறது. நான்கு படி சேர்ந்தால் ஒரு துளை கடந்த மாதிரி. ஆக, ஒரு மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே 100 மைக்ரோ நொடிதான் இருக்கிறது. 2 மெகாஹெர்ட்ஸ் பிராசசருக்கு அது 200 சைக்கிள். சிபி1-இல் மாற்றம் வந்து இன்டரப்ட் அடித்ததும், அந்த 200 சைக்கிளுக்குள் 6502 வந்து பிபி0-வைப் பார்த்துவிட வேண்டும். பார்க்கத் தவறினால் பிபி0 அடுத்த படிக்குப் போயிருக்கும். அப்போது அதில் தெரிவது நேர் எதிரான பதில். ஒன்றைக் கூட்ட வேண்டிய இடத்தில் பிராசசர் ஒன்றைக் கழிக்கிறது. தாமதமாக வந்த சாட்சி தப்பாகச் சொல்கிறது, அவ்வளவுதான்.

200 சைக்கிள் என்பது 6502-க்குத் தாராளமான நேரம்போலத் தோன்றும். ஆனால் பிபிசியின் இயங்குதளம் இன்டரப்ட் வந்ததும் நேராக மவுஸிடம் வருவதில்லை. வழக்கமான பாதையில் போனால் சீரியல் சிப்பை விசாரிக்கும், அப்புறம் கீபோர்டையும் கடிகாரத்தையும் கவனிக்கும் இன்னொரு 6522-வை விசாரிக்கும், பிறகுதான் யூசர் போர்ட். நொடிக்கு 100 முறை கடிகார இன்டரப்ட், 50 முறை திரை இன்டரப்ட். அவற்றில் ஒன்று நடந்துகொண்டிருந்தால் அது முடியும்வரை மவுஸ் வாசலில் நிற்க வேண்டியதுதான். வரிசையை மீறி முதல் ஆளாக உள்ளே நுழைய ஒரு வழி இருக்கிறது. அதையும் செய்து பார்த்தேன். நிலைமை கொஞ்சம் தேறியது. ஆனால் ஏற்கெனவே ஓடும் கடிகார வேலையை அதனாலும் நிறுத்த முடியாது, எனவே எப்போதாவது அம்பு துள்ளிப் பின்வாங்கியது.

பீக்கோவிடமே "மெதுவாகச் சொல்" என்று சொல்லலாமே என்றால், சொல்லலாம். எப்படிச் சொல்வது என்பதில்தான் சிக்கல். யுஎஸ்பி மவுஸ் படிகளை வந்தபடி தருவதில்லை. 8 மில்லி நொடிக்கு ஒருமுறை "இந்தா, 80 படி" என்று மொத்தமாகக் கொடுக்கும் வகை இது. பந்து மவுஸுக்குத் தினக்கூலி, யுஎஸ்பி மவுஸுக்கு மாதச் சம்பளம். கையில் வந்த 80-ஐப் பீக்கோ அடுத்த 8 மில்லி நொடிக்குள் பிரித்துக் கொடுத்தால் அதே பழைய வேகம். நிதானமாகக் கொடுத்தால் பாக்கி சேரும், கை நின்ற பிறகும் அம்பு வழுக்கிக்கொண்டே போகும். பாக்கியை ரத்து செய்தால் கை போன தூரமும் அம்பு போன தூரமும் ஒத்துப்போகாது. நான்கு படியை ஒன்றாகச் சுருக்கினால் எல்லாம் சரியாகிவிடும். ஆமாம், நிஜமாகவே சரியாகிவிடும். யுஎஸ்பி மவுஸைப் பழைய கம்ப்யூட்டரில் மாட்ட உதவும் ஸ்மாலிமவுஸ்2 போன்ற திறந்த வடிவமைப்புகளில் இந்த மாதிரி வேகக் கட்டுப்பாட்டுக்கு வசதியே வைத்திருக்கிறார்கள், அதை எடுத்துப் பொருத்தியவர்கள் நிம்மதியாக இருக்கிறார்கள். நானும் சுருக்கிப் பார்த்தேன். அம்பு திரும்பவில்லை. 8 மில்லி நொடித் தாமதம் நொடிக்கு 50 முறை மாறும் திரையில் கண்ணுக்கே தெரியாது.

சரி, பிரச்சினை தீர்ந்தது, எழுத்து வரையப் போகலாம் என்று விட்டுவிட வேண்டியதுதானே? விட முடியவில்லை. நண்பன் சொன்னதன் சூடு எங்கே என்று அப்போதுதான் பிடிபட்டது. ஒயரில் தொங்கும் கம்ப்யூட்டர் பெரிசா சின்னதா என்பது எனக்குப் பொருட்டே இல்லை. ஆப்பிள் கார்டும் கெம்ப்ஸ்டன் பெட்டியும் எண்ணிச் சொன்னது பிராசசரின் சுமையைக் குறைக்க. அம்மணமான இந்த ஏஎம்எக்ஸ் ஏற்பாட்டில் பீக்கோ செய்வது அதற்கு நேர்மாறு. முதலில் எண்ணி முடித்துவிட்டு, எண்ணாத மாதிரி நடித்து, துளைச் சக்கரம் சுற்றுவதுபோல இல்லாத சக்கரத்தைச் சுற்றிக் காட்டி, பாவம் 6502-வை மறுபடி முதலிலிருந்து எண்ண வைக்கிறது. அது எவ்வளவு வேகமாக எண்ணும் என்று பார்த்து நடிப்பின் வேகத்தையும் குறைத்துக்கொள்கிறது. இந்த ஏமாற்றுதான் எனக்குப் பிடிக்கவில்லை. மற்றவர்கள் மேசையில் இருந்தால் கண்டுகொள்ள மாட்டேன். என் மேசையில் இருந்தது.

ரிச்சி தெருவில் உருண்டை

அப்போது நிஜச் சக்கரம் வேண்டும். ஆர்க்கிமிடீஸ் மவுஸ் ஒன்று இங்கிலாந்திலிருந்து வரவழைக்கலாம். மூன்று பொத்தானும் இருக்கும், நேரடியாக இதே சிக்னலைத் தரும். ஆனால் வரும் செலவை நினைத்தால் எழுத்தே வேண்டாம் என்று தோன்றியது. யூசர் போர்ட்டில் மாட்டும் மார்கோனி டிராக்கர் பாலும் அந்தக் காலத்தில் உண்டு. இங்கே யார் கண்ணிலும் பட்டதாகத் தெரியவில்லை. நம்மூரில் கொட்டிக் கிடந்த பந்து மவுஸ் எது என்று யோசித்தால் பதில் சுலபம். பிரவுசிங் சென்டர் மவுஸ். மணிக்கு இவ்வளவு என்று காசு கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் அம்பு நகராது. கவிழ்த்து, மூடியைத் திருகி, உருண்டையை வெளியே தள்ளி, உருளையில் வளையமாக அப்பியிருக்கும் கறுப்பு அழுக்கை நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, உருண்டையைச் சட்டையில் துடைத்துப் போட்டால் ஓடும். சில சென்டர்களில் உருண்டை காணாமல் போகிறது என்று மூடியை ஒட்டியே வைத்திருப்பார்கள். அந்த மவுஸ்களுக்குள் இருந்ததும் இதே துளைச் சக்கரம்தான். அதற்குப் பின்னால் ஒரு சிப் எண்ணி, பிஎஸ்2 மொழியில் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. சிப்பை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது ஏஎம்எக்ஸ் மவுஸ்.

சென்னை ரிச்சி தெருவில் பழைய சாமான் குவித்து வைத்திருக்கும் ஒரு சின்னக் கடைக்காரரிடம், "அண்ணே, பந்து மவுஸ் இருக்குமா?" என்று கேட்டேன். "எந்தக் காலத்துல சார் இருக்கீங்க?" என்றவர், பலகைக்கு அடியில் கையை விட்டு ஒரு அட்டைப் பெட்டியை இழுத்தார். ஒயர்கள் ஒன்றோடொன்று சிக்கிய ஒரு கொத்து. "எது வேணும்னாலும் எடுத்துக்குங்க. ஓடும்னு கேக்காதீங்க." எனக்கு ஓட வேண்டிய அவசியமே இல்லை, உருண்டையும் சக்கரமும் இருந்தால் போதும் என்று சொன்னேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். கனமான உருண்டையும் தேயாத உருளையும் உள்ள ஒன்றைப் பொறுக்கினேன். இரண்டு பொத்தான் மவுஸ். மூன்று பொத்தான் உள்ளது அந்தப் பெட்டியில் இல்லை.

திறந்து, கன்ட்ரோலர் சிப்பின் கால்களை வெட்டி எடுத்தேன். ஒளியுணரி ஜோடி ஒவ்வொன்றும் மூன்று கால் உள்ள ஒரே கறுப்புத் துண்டாக இருக்கும். ஒரு கால் பொது, மற்ற இரண்டும் சிக்னல். துளை கடக்கும்போது இந்தக் கால்களில் வருவது ஒழுங்கான சதுர அலை அல்ல, மெதுவாக ஏறி இறங்கும் மேடு. அதைச் சதுரமாக்க எல்எம்339 போதும். அதற்குள் நான்கு ஒப்பீட்டுச் சுற்றுகள், நமக்கு வேண்டியதும் நான்கு சிக்னல்கள். சில்லறைக் காசுக்குக் கிடைக்கும் சிப். வெளியீட்டில் ஆளுக்கு ஒரு ரெசிஸ்டர் வைத்து 5 வோல்ட்டுக்கு இழுக்க வேண்டும். இன்னொரு சங்கதியும் உண்டு. வெளிச்சமும் நிழலும் சரிபாதியாக இருக்கும் இடத்தில் சக்கரம் நின்றுவிட்டால், மேசையின் லேசான அதிர்வுக்கே வெளியீடு ஏறி இறங்கித் துடிக்கும். ஒவ்வொரு துடிப்பும் ஒரு இன்டரப்ட். மவுஸைத் தொடாமலேயே 6502 மூச்சுத் திணறும். வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு மெகா ஓம் ரெசிஸ்டரைத் திருப்பிவிட்டால், ஏறும் எல்லையும் இறங்கும் எல்லையும் கொஞ்சம் விலகும், துடிப்பு அடங்கும். ஒவ்வொரு ஒளியுணரிக்கும் எல்லை வேறு என்பதால் திருகி மாற்றும் ரெசிஸ்டரான பிரீசெட் ஒன்றை வைத்து, ஆசிலாஸ்கோப்பில் இரண்டு அலைகளும் கால் பங்கு இடைவெளியில் நிற்கும்வரை திருகினேன்.

ஸ்கேலை வைத்து உருட்டினால் அங்குலத்துக்குச் சுமார் 100 துளைகள் கடக்கின்றன. படிக் கணக்கில் 400. அதே நொடிக்கு 10 அங்குல வேகத்தில் இழுத்தால் ஒரு படிக்கு 500 சைக்கிள் கிடைக்கும். 6502-க்கு மூச்சுவிட இடம் இருக்கிறது. 320 புள்ளி அகலத் திரையைக் கடக்க மவுஸ் எட்டு சென்டிமீட்டர் போக வேண்டும், மணிக்கட்டுக்குப் பழகிய தூரம். யுஎஸ்பி மவுஸ் அதையே மூன்று சென்டிமீட்டரில் முடித்துவிடும். வெடுக்கென்று இழுத்துப் பார்த்தேன். அம்பு திரும்பவில்லை. ரொம்ப வேகமாக இழுத்தால் உருண்டை மேசையில் வழுக்குகிறது, தூரம் குறைகிறது. திசை மாறவில்லை. வேகக் கட்டுப்பாட்டை நிரலில் எழுத வேண்டிய அவசியமே இல்லை, உருண்டையே செய்துவிடுகிறது. ஒளியியல் மவுஸ் வந்தபோது இந்த வழுக்கலைத்தான் பெரிய குறை என்று நாமெல்லாம் திட்டித் தீர்த்தோம்.

ஒரே ஒரு போர்ட்

இதை நண்பனிடம் காட்டியபோது அவன் மவுஸைத் தொடவே இல்லை. "அப்ப எஸ்டி கார்டு?" என்று கேட்டான். என் பிபிசியில் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்டி கார்டு. பலரும் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். அந்தக் கார்டுக்குள்ளும் ஒரு குட்டிப் பிராசசர் இருக்கிறது, அதுவும் இந்த 6502-வை ஊதித் தள்ளும். அதை மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறாய் என்பது அவன் கேள்வி. கேள்வியைவிடப் பெரிய சங்கடம், அந்த எஸ்டி கார்டு பலகை மாட்டியிருந்ததும் இதே யூசர் போர்ட்டில்தான். போர்ட் ஒன்று, ஆட்கள் இரண்டு. பக்கத்தில் பிரிண்டர் போர்ட் இருக்கிறதே என்றால், அதன் தரவு ஒயர்கள் வெளியே போக மட்டும்தான், மவுஸ் சொல்வதைக் கேட்கக் காது கிடையாது. மவுஸ் வேண்டுமென்றால் யூசர் போர்ட்டைத்தான் அதற்குக் கொடுக்க வேண்டும்.

அதனால் எஸ்டி கார்டு வெளியேறியது. டிஸ்க் கேபிளில் கோடெக் பெட்டி ஒன்றை மாட்டினேன். பென் டிரைவைச் சொருகினால் கம்ப்யூட்டருக்கு அது பிளாப்பி டிரைவ். அதற்குள் ஒரு ஆர்ம் பிராசசர் என்று நண்பன் கேட்கும் முன்பே நானே சொல்லிவிட்டேன். சிரித்தான். எனக்கு அதில் உறுத்தல் இல்லை என்பதற்கு நான் வைத்திருக்கும் காரணம் இது: கோடெக் கேட்டால்தான் கொடுக்கும். பிராசசர் கூப்பிட்டு, காத்திருந்து வாங்கிக்கொள்கிறது, அந்தப் பக்கம் இருப்பது இரும்புத் தட்டா, சிலிக்கானா என்று அதற்குத் தெரிய வேண்டியதில்லை. மவுஸ் அப்படி இல்லை. என் கை நகரும் ஒவ்வொரு துளைக்கும் 6502 செய்துகொண்டிருப்பதை நிறுத்துகிறது. கையும் பிராசசரும் அவ்வளவு நெருக்கமாகப் பேசிக்கொள்ளும் இடத்தில் நடுவில் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டாம் என்பது என் கட்சி. கீபோர்டும் இன்டரப்ட் தருகிறதே என்று அவன் கேட்டான். கீபோர்டுக்கு நடுவில் யாரும் இல்லையே என்றேன். இது வாதத்தில் நிற்குமா என்றால், கொஞ்சம் ஆடும். அவன் அதற்குமேல் ஆட்டவில்லை.

ஏஎம்எக்ஸ் மவுஸோடு வந்த ரோமை எழுதிய ஒரு ஈப்ரோம் சிப், உள்ளே காலியாக இருந்த ரோம் சாக்கெட் ஒன்றில் இருக்கிறது. எழுத்து வரையும் நிரலுக்கு மட்டும் இன்டரப்ட் பகுதியை நானே எழுதியிருக்கிறேன். எழுத நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம்: 6522-இன் பி போர்ட்டைப் படித்தாலே சிபி1 எழுப்பிய கொடி, அதாவது இன்டரப்ட் வந்ததைக் காட்டும் அடையாளம், கீழே இறங்கிவிடும். சிபி2-வைத் தனி இன்டரப்ட் முறையில் வைத்தால் அதன் கொடி மட்டும் தப்பும். எனவே கொடிகளை முதலில் படித்து வைத்துக்கொண்டு, பிறகு போர்ட்டைப் படிக்க வேண்டும். வரிசையை மாற்றினால் குறுக்குக் கோடு இழுக்கும்போது கிடைத் திசை அசைவுகள் சில காணாமல் போய், கோடு செங்குத்தாகச் சாயும். அதிகாரபூர்வக் கையேட்டில் இது ஒரு வரியில் இருக்கிறது, அந்த ஒரு வரியைத் தடித்த எழுத்தில் போட்டிருக்கலாம்.

எழுத்துகள் மெல்ல வந்துகொண்டிருக்கின்றன. 32 இடங்கள் போதாது என்பதால் எழுத்துக்கான நினைவகத்தை முழுக்க விரித்துவிட்டேன், அதற்கு 1.5 கேபி போனது. 40 எழுத்துத் திரையில், டிஸ்க்குக்கான இடமும் போக, நிரலுக்கு 14 கேபிக்குக் கொஞ்சம் மேல் மிச்சம். 'ழ'வுக்கு இரண்டு கட்டம் கொடுத்தும் அதன் வால் கீழ்வரியில் இடிக்கிறது. 'இ' பரவாயில்லை. 'ண'வில் நடுச் சுழிக்கு ஒரு புள்ளி உள்ளே விட்டால் கண்ணுக்கு 'ன' மாதிரி ஆகிவிடுகிறது, விடாவிட்டால் மூன்று கால் முக்காலி மாதிரி நிற்கிறது.

இன்னும் பாக்கி நடுப் பொத்தான். பழைய ஏஎம்எக்ஸ் நிரல்கள் மூன்று பொத்தானை எதிர்பார்க்கின்றன, என் மவுஸில் இரண்டு. இப்போதைக்குப் பிபி6-இலிருந்து ஒரு ஒயரை இழுத்து, வீட்டில் சும்மா கிடந்த காலிங்பெல் சுவிட்சில் கட்டி மேசை ஓரத்தில் ஒட்டியிருக்கிறேன். இடது கையால் அழுத்த வேண்டும். தம்பி மகள் வந்தபோது அதை இரண்டு மூன்று தடவை அழுத்திப் பார்த்துவிட்டு, "பெரியப்பா, கதவு திறக்கவே இல்ல?" என்றாள். மூன்று பொத்தான் பந்து மவுஸ் யாரிடமாவது சும்மா கிடந்தால் சொல்லுங்கள். ஓட வேண்டிய அவசியமில்லை.